செபமாலை அண்ணை செய்த நாய்ப்பட்டி

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நெடுந்தீவில் விஞ்ஞானம் படிப்பித்த காலம். மீனவரான செபமாலை அண்ணை கிழிந்த நைலோன் வலைகளை உருக்கி, உப்புத்தண்ணீரில் உக்காத நாய்க்கழுத்துப் பட்டி ஒன்று செய்தார். ஊரவரின் இங்கிலிஷ் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது நான்தான். அவருடைய ஆக்கவுரிமை விண்ணப்பத்தில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உரிமைப் பத்திரமும் என் பெயருக்கே வந்தது.

"மாஸ்டர், கொழும்பால பதில் வந்ததே?" என்று கேட்டார்.

"ஏலாதாம் அண்ணை. பட்டியில குறையாம்."

"அதுக்கேன் நீங்கள் முகத்தைத் தொங்கப்போடுறியள்? நான் திருத்திக்கொண்டு வாறன்."

திருத்தித் திருத்திக் கொண்டுவந்தார். அவரைத் தூரத்தில் கண்டாலே சைக்கிளை வேறு ஒழுங்கைக்குத் திருப்புவேன். இல்லாத குறையைத் தேடியபடியே அவர் இறந்துபோனார். தன் கைவேலையையே அவர் சந்தேகிக்க வைத்தேன். அதுதான் இன்றும் என்னை ஓரிடத்தில் இருக்கவிடுவதில்லை.