அரிக்கிற தோல் நல்ல தோல்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்க்கிறவளுக்கு முதலில் தெரிய வேண்டியது, எதிரே ஒருவர் தன் சொறியை விவரிக்கும்போது தானும் சொறியாமல் உட்கார்ந்திருப்பது. படிக்கிற உங்களுக்கு இப்போதே முழங்கை அரித்தால் தாராளமாகச் சொறிந்துகொள்ளுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

செத்த பூச்சி

மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற சரோஜா, மகளுக்குச் சிரங்கு மருந்து வாங்கிப்போனாள். வீட்டில் எல்லோருக்கும் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, துணிகளைச் சுடுநீரில் அவித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். பத்து நாளில் திரும்பி வந்து போத்தலை மேசையில் வைத்தாள். "புள்ள இன்னும் சொறியுதுங்க. இது வெறும் தண்ணி மருந்து."

பிள்ளையின் விரலிடுக்குகளைப் பார்த்தேன். சிரங்குப் பூச்சி தோலைத் துளைத்துப் போன புதுத் தடம் ஒன்றும் இல்லை. தோலுக்குள் நம் உடம்புக்குக் காவல் இருக்கிறது, பூச்சியைக் கண்டதும் அது சண்டைக்குப் போகும், அந்தச் சண்டைதான் அரிப்பு என்றேன். பூச்சி செத்தாலும் அதன் மிச்சம் தோலுக்குள் கிடக்கும்வரை சண்டை ஓயாது, இன்னும் இரண்டு வாரம் பொறு என்றேன். சரோஜா போத்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "செத்தவங்களோடயும் சண்டையா? அப்ப ஒடம்புக்கு எங்க மாமியா புத்திதாங்க மிஸ்ஸி."

சொறியாத மனிதர்

வரிசை வீடுகளான ஒரு லயத்தில் மட்டும் மூன்று முறை மருந்து பூசியும் சிரங்கு திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக்கு வீடு, காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினேன். கடைசிக் காம்பராவில் பக்கவாதம் வந்து படுத்திருந்தார் ஆறுமுகம். "அவருக்கு ஒன்னுமில்லீங்க, சொறியவே மாட்டாரு" என்றார் மனைவி செல்லம்மாக்கா. போர்வையை விலக்கினேன். உள்ளங்கையும் பாதமும் மரப்பட்டை போலத் தடித்துக் கிடந்தன. சண்டை போடத் தெம்பில்லாத உடம்பு. பூச்சி ஆயிரக்கணக்கில் குடியேறியும் அரிப்பு இல்லை.

செல்லம்மாக்கா கதவைச் சாத்திவிட்டு அழுதார், லயத்துக்கே எங்களாலதானா என்று. "ஒங்க மேல தப்பில்லக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுமுகத்தை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையும் பூச்சுமாகப் பல வாரம். வீடு திரும்பி, கஞ்சியும் முட்டையுமாக உடம்பு தேறிவந்தபோது, ஒரு காலை செல்லம்மாக்கா மூச்சிரைக்க மேடேறி வந்தார். நான் பயந்துபோனேன். "மிஸ்ஸி, அவரு நேத்து தானாவே கையத் தூக்கி சொறிஞ்சாருங்க!"

மிஸ்ஸியின் முதுகு

சிரங்கு முதல் முறை தொற்றினால், எதிரியை அடையாளம் காண உடம்புக்கு ஒரு மாதம்போல ஆகும். ஆறுமுகம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எனக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. அவசரத்தில் அவர் பாதத்தைக் கையுறை இல்லாமல் பிடித்தது அப்போதுதான் உறைத்தது. நீளக்கைச் சட்டை போட்டு நாலு நாள் மறைத்தேன். பிறகு, குவாட்டர்ஸில் தனியாக இருக்கிறவள், மருந்தை எடுத்துப் பூச உட்கார்ந்தேன். முதுகின் நடுவுக்குக் கை எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து, புருஷனைப் பற்றி ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு என்னிடம் விளக்கம் கேட்க வந்த செல்லம்மாக்கா வாசலில் நின்று பார்த்தார். நான் சட்டையை இழுத்து மூடினேன். அவர் உள்ளே வந்து போத்தலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எங்க வூட்டுலேர்ந்து வந்ததுதானே, என்கிட்ட என்னாங்க வெக்கம்? திரும்புங்க மிஸ்ஸி."

இத்தனை வருட சர்வீஸில் நான் கண்டது, வெட்கப்படுகிறவர்கள்தான் அதிக நாள் சொறிகிறார்கள், மிஸ்ஸிமார் உட்பட.