என்னைப் பற்றிய துண்டுப் பிரசுரம்

தனியார் ஆஸ்பத்திரியின் முகாமையாளர் என்னைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் அவசர சிகிச்சை விசேட மருத்துவனாகி, கண்டி நகரில் பளபளக்கும் தாளில் படத்தோடு அச்சாகப் போகிறான் என்றால் சும்மாவா? படித்த இடம், பயிற்சி பெற்ற இடம், வெளிநாட்டில் இருந்த ஒரு வருடம் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். தோட்டத்தை மட்டும் எழுதவில்லை.

அடியில் ‘ஏற்கப்படும் காப்புறுதிகள்’ என்று கம்பெனிகளின் பட்டியல் ஒன்றை அவர்களே சேர்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சுத் திணறி வருகிறவனிடம் எந்தக் கம்பெனி என்று கேட்டுவிட்டா நான் குழாய் போடுகிறேன்?

“அதுதான் சேர் ஆட்களக் கொண்டுவரும்” என்றார் முகாமையாளர்.

நான் எழுதியதில் ஒரு வரியை அவர் பேனையால் வெட்டினார். பகலில் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை, இங்கே வருவது மாலையில் மட்டும் என்ற வரி அது. “இதப் போட்டா சனம் அங்கயே போயிரும் சேர்.” எல்லா டொக்டர்மாரும் செய்வதுதானே என்று நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் கடுகண்ணாவையில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். குழாய், ஆணி, பெயின்ட் எல்லாம் சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் ஹாட்வெயார் கடையில்தான். அறுபதைத் தாண்டிய மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, என்னை வம்புக்கு இழுப்பார். “மனிசன்ட குழாயெல்லாம் தெரிஞ்ச டொக்டர், பாத்ரூம் குழாய் எத்தன இஞ்சி எண்டு தெரியாம வந்தீக்கிறாரே” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

ஒருநாள் எங்கே வேலை என்று கேட்டார். வாயால் சொல்லியிருக்கலாம். பெருமை விட்டால்தானே? பையிலிருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டுக் கடைசி வரை வாசித்தார். அவருடைய மகள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்; அவளது காப்புறுதியில் வாப்பாவும் உம்மாவும் அடக்கம். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்.

“இது ஒங்கட எடத்துல எடுபடுமா டொக்டர்?”

“எடுபடும் நானா.”

“நீங்க எப்ப அங்க ஈப்பீங்க?”

“ஒங்களுக்கு இல்லாத நேரமா? எப்ப வேணும்னாலும் நேரா அங்க வாங்க.”

ஒரு மரியாதைக்குச் சொன்னது. அவர் அதை அப்படியே மனதில் போட்டுக்கொண்டார். பிரசுரத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியும் வைத்தார்.

நான் வீடு குடிபோன மறுமாதம் ஒரு வியாழக்கிழமை, பகல் ஒரு மணியளவில் அவருக்கு நெஞ்சில் வலி வந்திருக்கிறது. அந்த நேரம் நான் பெரிய ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்தேன். கூட்டம் குறைவான நாள். நின்றபடியே ஒரு மீன் பணிஸ் தின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாலையில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அங்கிருந்த இளம் டொக்டர் சொன்னார். பகல் என் பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடுகண்ணாவையிலிருந்து ஒருவர் வந்தாராம். வழியில் கெட்டம்பேயில் பாடசாலை விட்ட நெரிசலில் வேன் அரை மணி நேரம் நின்றுவிட்டதாம். வந்தபோது நாடி இருந்ததாம். என்னைக் கேட்டாராம். பத்து நிமிடத்தில் இதயம் நின்றுவிட்டது, திரும்பவில்லை. காப்புறுதிக் கம்பெனி உடனேயே அனுமதி கொடுத்துவிட்டதாம். அதில் ஒரு குறையும் இல்லை.

இருதயச் சிகிச்சைக்கான வசதி அங்கே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம்.

மூன்றாம் நாள் நானாவின் வீட்டுக்குப் போனேன். மகள் முன்னறையில் உட்கார வைத்தாள். அழுது வீங்கிய முகம்.

“பெரிய ஆஸ்பத்திரி கேட்டடியில நான் வேன உள்ளுக்குத் திருப்பச் சொன்ன சேர். வாப்பா ஏன்ட கையப் புடிச்சிட்டாங்க. வாணாம் மகள், டொக்டர் அங்க பாத்துட்டு ஈப்பாரு எண்டு சொன்னாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த நேரம் நீங்க எங்க சேர் ஈந்தீங்க?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது.

“அந்த கேட்டுக்கு உள்ள, மகள். அங்கதான் பகல்ல எனக்கு வேல.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய், உள்ளறைக் கதவுத் திரையைச் சரியாக இழுத்து மூடிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “உம்மாக்கு இத சொல்லிராதீங்க சேர்.”

அவளுடைய உம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாத நாட்கள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“டொக்டர் மகனா? நல்லா ஈக்கிறீங்களா? அவரு ஒங்கட எடத்துக்கு வந்து சேந்துதான் மௌத்தாகின. ஏலுமானதெல்லாம் நீங்க செஞ்சிருப்பீங்க. அது ஒண்டுதான் எனக்கு ஆறுதல். அல்லாஹ் ஒங்கட கைக்கு பரக்கத் தரட்டும்.”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்கம்மா” என்றேன்.