அளந்து வைத்த தண்ணீர்

என் மனைவி சரசுவுக்கு முதலில் தெரிந்தது கால் வீக்கம். செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையவில்லை. பள்ளியில் நின்றபடி அறிவியல் பாடம் நடத்துவதால் என்று நினைத்தோம். போடி மருத்துவமனையில் சந்தேகப்பட்டார்கள், மதுரையில் உறுதியானது: சிறுநீரகச் செயலிழப்பு (கழிவையும் மிகுதி நீரையும் வடிக்கும் உறுப்பு ஓய்ந்துபோவது). எண்பதுகளின் தொடக்கம் அது. இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது எங்களுக்கு எட்டவில்லை. மாத்திரை, உப்பில்லாச் சோறு, அளந்த தண்ணீர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதே நோய் உள்ளவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வலியைவிடத் தாகம் கொடியது. காலையில் ஒரு சிறு சொம்பு நிரப்பி வைப்பேன். அன்றைக்கு அவ்வளவுதான். நான் குடத்தருகே போனால் அவள் கண்ணும் கூடவே வரும்.

மலையேறக் கூடாது என்று மருத்துவர் சொன்னதும், தான் பிறந்த மலையூரான குரங்கணியிலிருந்து பாசி கேட்டாள். ஜீப் ஓட்டும் அவள் தம்பி ஏலத்தோட்டத்துப் பாறையில் உரித்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். “மிதிச்சுட்டுப் போற பாசிக்கு ஜீப்பு சவாரி, அக்கா” என்றான்.

அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மிட்டாய்க்கடைக் கண்ணாடி பாட்டிலின் அடியில் கூழாங்கல், அதன்மேல் நொறுக்கிய அடுப்புக்கரி, பிறகு இலை மக்கிய மண். பாசியை அழுத்திப் பதித்து, தண்ணீர் தெளித்து மூடி, நேர்வெயில் படாத ஜன்னலில் வைத்தேன்.

“இனி அதுக்கு நம்ம சோலியே கெடையாது” என்றாள்.

காலையில் கண்ணாடியின் உட்புறம் நீர் முத்துமுத்தாகக் கோத்து, வழிந்து பாசிக்கே இறங்கும். உலர்ந்த உதட்டோடு பார்த்துக்கொண்டிருப்பாள். “குடிச்சதையே திரும்பக் குடிக்குது. எனக்கு ஒரு தடவைக்கே அளவு பாக்குறீங்க.” பாட்டிலை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

கார்த்திகையில் நுரையீரலில் நீர் கோத்தது. மருத்துவர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். “இனிமே கேக்குறதைக் குடுங்க.”

வீட்டில் பெரிய சொம்பு நிறைய மொண்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

“டாக்டர் கைவிட்டுட்டாரா?”

சொம்பை அவள் கையில் வைத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். மீதியோடு நான் பாட்டில் பக்கம் திரும்பியதும், “அதுல ஊத்திராதீங்க, அழுகிப்போகும்” என்றாள்.

அந்த வாரமே போய்விட்டாள்.

பாசி இன்னும் பச்சையாக இருக்கிறது. பராமரிப்பே வேண்டாமாமே என்று வருகிறவர்கள் வியக்கிறார்கள். ஆமாம் என்கிறேன். எனக்கு இப்போது தாகம் எடுப்பது தெரிவதில்லை, நேரம் பார்த்துத்தான் குடிக்கிறேன். போகிற வீட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தால், வாங்குமுன் கொடுப்பவர் முகத்தைப் பார்க்கிறேன்.