எதிர்ப்பெட்டிக்கு ஓர் ஆள்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் நடந்த சம்பவம் இது. மட்டக்களப்பு வாவிக்கரையில் வெறுமையாகக் கிடந்த ஒரு காணியில் கொழும்புக் கம்பனி ஒன்று கானிவல் போட்டிருந்தது. அங்கே பெரிய ராட்டினத்துக்கு ஆள் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. சுனாமியில் செட்டிபாளையத்து வீடும் போய், வீட்டுக்காரரும் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஒரே தங்கை கலியாணம் முடித்துப் பனிச்சங்கேணிப் பக்கம் போனவள். யுத்தத்தால் பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த காலத்தில் நின்றுபோன போக்குவரத்து, பாதை திறந்த பிறகும் பழையபடி வரவில்லை. கானிவலில் ஆயிரம் பேர் என்னைத் தாண்டிப் போவார்கள். வேலை முடிந்து அறைக் கதவைச் சாத்தினால், "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு நாதியில்லை. சில நாட்களில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இப்போது அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ராட்டினத்துக்கு ஆள் ஏற்றுவதை லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் ஏற்றுவது போல முன்னால் வந்தவரை முன்னால் ஏற்ற முடியாது. மொத்தம் பதினாறு பெட்டிகள். ஒரு பெட்டியில் ஆளை இருத்தினால், அரைச் சுற்றுச் சுற்றி, நேர் எதிரே இருக்கும் பெட்டியைக் கீழே கொண்டுவந்து அடுத்த ஆளை அதில் இருத்த வேண்டும். ஒரே பக்கத்தில் பாரம் சேர்ந்தால் முழுச் சுமையும் பிரேக்கில் போய் விழும். இதையெல்லாம் கவனித்துக்கொண்டவர் எங்கள் மெக்கானிக். ஏறாவூர் முஸ்லிம், அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஆணி ஆணியாகத் தட்டிப் பார்ப்பார், கிறீஸ் போடுவார், வெறும் ராட்டினத்தை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். ராட்டினத்தை ஓட்டி நிறுத்தும் லீவரும் அவர் கையில்தான்.

"தனியா வாற ஆக்கள விட்டிராத புள்ள" என்பார். "குடும்பமா வாறவங்க ஒண்டாத்தான் இரிப்பம் எண்டு நிப்பாங்க. தனி ஆளத்தான் நமக்குத் தேவையான பெட்டியில இருத்தலாம்."

அப்படி ஒருவர் தினமும் வருவார். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த சேட், ரப்பர் செருப்பு. கிரான் பஸ்ஸில் வந்து இறங்குவதைக் கண்டிருக்கிறேன். யாரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டார், யாருடனும் பேசவும் மாட்டார். எந்தப் பக்கத்தில் எடை குறைகிறதோ அந்தப் பெட்டியைக் காட்டி, "வாங்க, இதுல இருங்க" என்பேன், மறுபேச்சில்லாமல் போய் இருப்பார். ஒரு மாதமாக அவருடைய டிக்கட்டைக் கிழித்திருக்கிறேன், "சுகமா இருக்கிறீங்களா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் ஒரு மணல் மூட்டை.

இதற்கிடையில் கம்பனிக்குள் சண்டை வந்துவிட்டது. பங்காளிகள் இரண்டு பேரும் பிரிந்து, ராட்டினம் யாருக்கு என்று வழக்குப் போட்டுக்கொண்டார்கள். பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, புதியது அனுப்புங்கள் என்று காக்கா போன் பண்ணினால், ஒருவர் மற்றவரைக் கேட்கச் சொல்வார். மற்றவரைக் கேட்டால், வழக்கு முடியட்டும் என்பார். லைனிங்தான் வரவில்லை. அதற்குப் பதிலாகப் புது மேனேஜர் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்த கையோடு சிவப்புப் பட்டித் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தார். கூடக் காசு கொடுத்துக் கையில் சிவப்புப் பட்டி கட்டிக்கொண்டால், வரிசையில் நிற்கத் தேவையில்லை. சுனாமி முகாமில் நிவாரண வரிசையில் மணிக்கணக்காக நின்றபோது, யாரோ ஒரு பெரிய மனிதரின் சிபாரிசுத் துண்டைக் காட்டிக்கொண்டு முன்னால் போனவர்களைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். இப்போது வரிசைக் கயிற்றைத் தூக்கி அப்படிப்பட்டவர்களை முன்னால் விடுகிற ஆளும் நான்தான்.

லைனிங் வரும்வரை காக்கா இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தார். பாதிப் பெட்டிகளில்தான் ஆள் ஏற்ற வேண்டும். பொழுது சாயும்போது அவர் மஃரிப் தொழுகைக்குப் போய் வரும் கொஞ்ச நேரம் ராட்டினம் நிற்க வேண்டும்.

"நான் வாற வரைக்கும் ஒருத்தரையும் ஏத்தப்படாது. லீவர்ல கைய வைக்கப்படாது. விளங்கினதா புள்ள?"

"ஓம் காக்கா" என்று தலையாட்டினேன். தலையாட்டலுக்கு மட்டும் ஒரு குறைவுமில்லை.

அன்றைக்கு அவர் தொழப் போன கையோடு சிவப்புப் பட்டி கட்டிய பெரிய குடும்பம் ஒன்று வந்தது. வெளிநாட்டிலிருந்து பல வருஷத்துக்குப் பிறகு ஊர் பார்க்க வந்தவர்கள். "இவங்களுக்கு நேரமில்லை, ஏத்துங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். காக்கா வரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் குடும்பத்தில் ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, கேட்காமலே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டாள் தாய்.

"செட்டிபாளையம்."

"கடவுளே! எங்கட அம்மாட ஊரும் அதுதான். அப்ப நீங்க எங்கட ஆள்தானே!"

அவ்வளவுதான், நான் உருகிப்போனேன். எங்கட ஆள் என்று என்னை யாராவது சொல்லி எத்தனை வருஷம்! "எல்லாரையும் கிட்டக்கிட்ட இருத்துங்க அக்கா, இவள் பயந்திருவாள்" என்று அந்தத் தாய் கேட்டபோது, பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் சரி என்றேன். லீவரையும் நானே பிடித்தேன். ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அதற்கு அடுத்த பெட்டி என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு போனேன்.

அப்போது பொது வரிசையின் முன்னால் நின்ற அந்தத் தனி மனிதர் வாய் திறந்தார்.

"தங்கச்சி, எதிர்ப்பக்கம் வெறுமையாக் கிடக்குதே."

"உங்கட வேலயப் பாருங்க ஐயா. உங்கட முறை வரக்குள்ள கூப்பிடுறன்" என்றேன். ஒரு மாதத்தில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சுக்கு நான் கொடுத்த மரியாதை அது.

ஐந்தாவது பெட்டி தாய்க்கும் மகளுக்கும். சிறுமி முதலில் ஏறிவிட்டாள். தாய் பலகையில் கால் வைக்கப் போகும்போது ராட்டினம் ஒரு முறை முனகியது. என் கையில் இருந்த லீவர் பிடிமானம் இல்லாமல் தொளதொளத்தது. நிரப்பிய பெட்டிகள் எல்லாம் தம் பாரத்திலே தாமாகக் கீழே இறங்க, சிறுமியின் பெட்டி மறுபக்கமாக மேலே கிளம்பியது. அவள் தனியாக இருந்தாள். முன்கம்பி பூட்டியிருக்கவில்லை.

தாய் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. மரமாக நின்றேன். கயிற்றுக்குக் கீழே குனிந்து பாய்ந்தவர் அந்தத் தனி மனிதர். பெட்டியின் கால்பலகையில் தொற்றி, ஒரு கையை உள்ளே விட்டுக் கொளுவிக்கொண்டு, மற்றக் கையால் முன்கம்பியைச் சிறுமியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி அவரும் மேலே போனார். ஓட்டு வீட்டு முகட்டை விட உயரத்துக்குப் போய், திரும்பிக் கீழே வந்து, மறுபடி மேலே போனது அந்தப் பெட்டி. பெட்டி ஆடிய ஆட்டத்தில் அவருடைய செருப்பு ஒன்று கழன்று என் காலடியில் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டுக் காக்கா ஓடி வந்தார். "வெளிம்பப் புடிங்க! எல்லாரும் புடிங்க!" என்று கத்தினார். பொது வரிசையில் நின்றவர்கள் ஓடி வந்து, ஆட்டம் குறையக் குறைய விளிம்பில் தொங்கி நிறுத்தினார்கள். நாலு மணியிலிருந்து கால் கடுக்க நின்றவர்கள் அவர்கள். தங்களை முந்திப் போனவர்களின் பிள்ளை என்று ஒருவரும் பார்க்கவில்லை. சிறுமியின் பெட்டியைக் கையாலேயே இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். அவள் மேலில் ஒரு கீறல்கூட இல்லை. மற்றவர்களையும் ஒவ்வொருவராக இறக்கினோம். அந்தக் குடும்பம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனது. அதில் என்ன பிழை? எனக்கு அது வேண்டியதுதான்.

காக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். "லைனிங் தேஞ்சது கம்பனிட பிழை. ஒரு பக்கமா ஏத்தினது உன்ட பிழை. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பிக்காத." ஏசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. ராட்டினம் தனக்குத்தான் என்று வழக்காடிய இரண்டு பங்காளிகளும், செய்தி போன பிறகு, அது மற்றவருடையது என்று சத்தியம் பண்ணினார்களாம்.

அந்த மனிதரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தோள்மூட்டுக் கழன்று, முன்கை எலும்பும் முறிந்திருந்தது. தாதி அனுமதித் துண்டு எழுத வந்தாள்.

"ஐயாட பேர் என்ன?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"நீங்கதானே கூட்டி வந்தீங்க? பேர் தெரியாதா?"

"தெரியாது, மிஸ்" என்றேன். ஒரு மாதமாகத் தினமும் பார்த்த முகம். அவரே ஈனக்குரலில் தன் பெயரைச் சொன்னார். ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்கிய பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"வீட்டில ஆருக்கு அறிவிக்கணும் ஐயா?"

"ஆரும் இல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சும்மா ஏதாவது பேச வேண்டுமே என்று, "ராட்டினம் எண்டா அவ்வளவு விருப்பமா? தினமும் வருவீங்களே" என்றேன்.

"எனக்கு உயரம் எண்டாலே பயம், தங்கச்சி" என்றார். "ஊட்டுல எனக்கிட்ட பேச ஆள் இல்ல. இஞ்ச வந்தா, வாங்க, இதுல இருங்க எண்டு நீங்க சொல்லுவீங்கதானே. அதுக்குத்தான் வாறன்."

கேட்க ஒரு நாதியில்லை என்று நான் அழுதுகொண்டிருந்த அந்த மாதம் முழுக்க, என் வாயிலிருந்து வரும் இரண்டு வார்த்தைக்காக ஒருவர் பயத்தையும் பொறுத்துக்கொண்டு கிரானிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் அவரைக் காணும்போது என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.