முப்பத்திரண்டாவது கட்டம்

எட்டாம் வகுப்பில் நாங்கள் முப்பத்திரண்டு பேர், எல்லோரும் பெண்கள். வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் என் பெரியம்மா மகளுடையது. என்னைவிட ஒரு வயது மூத்தவள். டைபாய்டில் ஒரு வருடப் படிப்பு போய்விட்டதால் என் வகுப்பு. பெரியப்பாவுக்கு வடக்கே மாற்றலானபோது அவளைத் தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். நடுவில் வந்து சேர்ந்ததால் அவள் பெயர் அகர வரிசைக்குள் நுழையவில்லை.

அக்கா எதையும் கேட்கமாட்டாள். ஜன்னலோரம் படுப்பது நான். பஸ்ஸில் ஓரிடம் காலியாக இருந்தால் உட்காருவது நான். தட்டில் ஒரே ஒரு அதிரசம் மிஞ்சினால், "எனக்கு வேண்டாம் சித்தி" என்பாள், ஏற்ற இறக்கமில்லாமல். அவளுக்கு உண்மையிலேயே எதுவும் வேண்டியதில்லை என்று நான் முடிவுசெய்திருந்தேன். முடிவுக்கு வர எனக்கு அந்த வயதில் அதிக நேரம் ஆனதில்லை.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியில் கோலப்போட்டி. வகுப்புக்கு ஒரு கோலம். எங்கள் வகுப்பாசிரியை தையல் டீச்சர். போட்டிக்கு முதல் நாள் அவர், ஒவ்வொருத்திக்கும் ஒரு கட்டம், அதை அவளே வீட்டிலிருந்து கொண்டுவரும் வண்ணத்தால் நிரப்ப வேண்டும் என்றார். முப்பத்திரண்டு கட்டம் வரும் கோலம் யாருக்காவது தெரியுமா?

நான் எழுந்தேன். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பில் இரண்டு புள்ளி வைத்துக் கோட்டால் இணைத்தேன். இரண்டு கட்டம். மூன்று புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் நான்கு. நான்கு புள்ளிக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. "ஆறு வச்சா முப்பத்திரண்டு டீச்சர்" என்றேன். வகுப்பு கைதட்டியது.

அன்று மாலை கொல்லையில் அக்கா உடைந்த செங்கலை இடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கடையில் வண்ணப்பொடி வாங்கினார்கள். அவள் செங்கல் பொடியைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்து, காலியான அல்வா டப்பாவில் நிரப்பினாள். அப்படியொரு சிவப்பை நான் கடையில் பார்த்ததில்லை.

"ஏட்டி, ஆறு புள்ளி வச்சு எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"இதுல எண்ண என்ன இருக்கு? இத்தனை தடவை ரெண்டு மடங்காத்தான வருது. இப்ப மட்டும் மாறிருமாக்கும்?"

"மாறாதுன்னு எப்படிச் சொல்லுத?"

"கணக்குல யாரு நூறு வாங்குதா? நானா, நீயா?"

அக்கா டப்பாவை மூடினாள்.

மறுநாள் மைதானத்தில் தண்ணீர் தெளித்து, முளைக்குச்சியில் கயிறு கட்டி வட்டம் போட்டோம். சம இடைவெளியில் ஆறு புள்ளிகள். கோடுகளை வெள்ளைப் பொடியால் இழுத்து முடித்ததும் டீச்சர் எண்ணினார். முப்பது. மறுபடி எண்ணினார். முப்பது.

நான் குனிந்து பார்த்தேன். நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தன. ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த இடம் விரியும் என்று தோன்றியது. நகர்த்தினோம். உள்ளங்கை அளவு முக்கோணம் ஒன்று திறந்தது. முப்பத்தொன்று. ஒரு புள்ளியை நகர்த்தி ஒன்று கிடைத்தால் இன்னொன்றை நகர்த்தி இன்னொன்று கிடைக்கும்தானே? நகர்த்தினேன். முக்கோணம் பெரிதானது, எண்ணிக்கை அசையவில்லை.

"ஏளா, நல்லா மானத்த வாங்குத" என்றார் டீச்சர். பக்கத்து வகுப்புக்காரிகள் வண்ணம் போட ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கட்டத்தில் உட்காரவைத்தார். முப்பத்தொரு பெயர் முடிந்ததும் பதிவேட்டைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்கு வேண்டாம் டீச்சர். நான் எல்லாருக்கும் பொடி எடுத்துக் குடுக்கேன்" என்றாள் அக்கா. அதே குரல். எனக்குப் பெரிய நிம்மதி. அவளுக்குத்தான் எதுவும் வேண்டாமே.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அல்வா டப்பா திறக்காமலே வீட்டுக்கு வந்தது.

கல்லூரி முதலாண்டில் அதே வட்டத்தைப் பேராசிரியை போட்டார். எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் வட்டத்துக்குள் ஒரே ஒரு வெட்டு. வட்டம் முதலில் ஒரு கட்டம். ஒவ்வொரு கோடும் ஒன்றைக் கூட்டும், ஒவ்வொரு வெட்டும் ஒன்றைக் கூட்டும். ஆறு புள்ளிக்குக் கோடுகள் பதினைந்து, வெட்டுகள் பதினைந்து. ஆக முப்பத்தொன்று. புள்ளிகளை எங்கே நகர்த்தினாலும் அதற்குமேல் போகாது. தொடர்ந்து சரியாக வந்தது என்பது, அடுத்ததும் வரும் என்பதற்குக் காரணம் ஆகாது என்றார். நான் குறிப்பெடுக்கவில்லை. மைதானத்தில் கிண்ணங்களோடு சுற்றிச்சுற்றி வந்த அக்காவும், அதற்குப் பின் வந்த மே மாதமும் நினைவுக்கு வந்தன.

அந்த மே மாதத்தில்தான் பெரியப்பா வந்து அக்காவை அழைத்துப் போனார். அவள் விட்டுப்போன ரஃப் நோட்டை நான் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் டம்ளரைக் கவிழ்த்து வரைந்த வட்டம், ஆறு புள்ளிகள். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் எண்கள். நடு முக்கோணத்தில் முப்பத்தொன்று. அதற்குக் கீழே இன்னொரு வட்டம், புள்ளிகளை வேறு இடங்களில் வைத்து. அதிலும் முப்பத்தொன்று.

முப்பத்திரண்டு வந்தாக வேண்டுமே, அக்காவும் ஒன்றை விட்டுவிட்டாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். விட்டுப்போனதைத் தேடி அரைமணி நேரம் எண்ணினேன். தாளின் ஓரத்தில் செங்கல் சிவப்பில் விரல் தடங்கள் இருந்தன. நோட்டு அழுக்காயிருக்கிறதே என்று ரப்பரால் தேய்த்தேன். அது போகவில்லை.