பாயின் மிஸ்டு கால்

இன்று காலை எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் யாருடைய காருக்கோ அடியில் கைக்குட்டை அகலத்துக்கு எண்ணெய் சிந்தியிருந்தது. ஆபீஸுக்கு நேரமாவதையும் மறந்து, விரலில் தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயில். அந்த நாற்றம் சிலருக்குக் குமட்டும். எனக்குப் பழைய பயம் ஒன்றைக் கிளறும். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. கோவில்பட்டியிலிருந்து கம்பெனி வேலைக்கென்று வந்த நான், எந்தக் கம்பெனியின் கேட்டும் திறக்காததால், வல்லக்கோட்டை போகும் சாலையில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் ஃபிட்டரானேன். அங்கே நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று இருந்தது. மலை ஊர்களுக்கு ஜெனரேட்டர் ஏற்றிப் போகும். அதை ஓட்டியவர் பாய். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை.

இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். ஆயில் வெளியே வராமலிருக்க அதன் இரு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. இரண்டும் ஒழுகின. மாற்றினேன். மறுபடி ஒழுகின. ஜீப்புக்கு அடியில் விரித்து வைத்த பேப்பரைக் காலையில் எட்டிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

"இன்னா தம்பி, இன்னும் ஒயுகுதா?"

"புது சீல்தான் பாய். எதுக்கு ஒழுகுதுன்னே தெரிய மாட்டேங்குது."

ஆயில் வற்றினால் உள்ளே பல்சக்கரங்கள் சூடேறி இறுகிவிடும். ஜவ்வாது மலை வளைவில், பாரத்தோடு அப்படி இறுகினால் பாய் என்னாவார்? மறுநாள் காலை அவர் புறப்பட வேண்டும்.

ஓட்டி வந்த சூட்டோடு ஆயில் மூடியைத் திறந்தேன். சோடா பாட்டில் போல 'புஸ்'ஸென்று காற்று சீறியது. சூட்டில் பெருகும் காற்று வெளியேற, பெட்டியின் தலையில் ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். கைவிட்டுத் தடவினேன். அதன் வாய் கறுப்புப் பெயிண்டால் அடைத்திருந்தது. போக வழியில்லாத காற்றுதான் சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வண்டிகளின் அடிப்பாகம் வரைக்கும் கறுப்படிப்பது எங்கள் ஒர்க்ஷாப் வழக்கம். எல்லோருக்கும் முந்தி பிரஷ்ஷை எடுப்பவர் பாய்தான்.

"நான்தான் தம்பி அட்ச்சேன். ரெண்டு கோட்டு," என்றார். முகம் வெளுத்துவிட்டது.

குழாயைக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி புது சீல் போட்டேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. காரணம் அது ஒன்றுதானா என்ற பயம் மட்டும் போகவில்லை.

"மேல ஏறுனதும் ஒரு மிஸ்டு கால் வுடுறேன். எட்த்து தொலைக்காத, காசு பூடும்!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மத்தியானம் வரவேண்டிய ரிங் வரவில்லை. நான் அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொன்னது. வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்; அப்போதே தலையில் பெரிதாக ஒன்றுமில்லை. ரோட்டில் லாரி பிரேக் அடித்தால்கூட உடம்பு தூக்கிப் போட்டது.

சாயங்காலம் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. பாய் நம்பர். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

"மேல டவரே இல்ல தம்பி, கீய எறங்கிதான் அட்ச்சேன்," என்றார் திரும்பி வந்ததும்.

ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் இன்று கண்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். பாய் எங்கே என்று தெரியவில்லை. மிஸ்டு கால் கொடுப்பவர்களும் இல்லை. ஒரு முறை அடித்து நின்றால் ஆள் பத்திரம் என்று அன்று அர்த்தம். இன்று அப்படி நின்றால், என்ன ஆயிற்றோ என்று பதறித் திருப்பி அழைக்கிறேன்.