சாமியறையில் ஒரு பாரிஸ் தெரு

மருதைக்கு வண்ணம் என்றால் உயிர். கரும்பு விளைகிற அந்தத் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கி ஆபீசில் எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பாம்ப்ளமூஸ் கிராமத்து வீட்டின் பின்பக்கம் தூரிகையும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிற சாமி காலண்டர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகின கை அது. அதனால் அவர் படத்தில் கரும்பு வெட்டுகிறவன்கூட முருகன் மாதிரி மினுமினுப்பான்.

மனைவி பூங்காவனத்துக்குப் போட்டோ என்றாலே ஆகாது. அவள் அக்காவைக் கல்யாணத்தன்று போட்டோ எடுத்தார்கள். மாசம் திரும்புவதற்குள் அக்கா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடுவாள். புருஷன் வரைகிறேன் என்றபோது மட்டும் உட்கார்ந்தாள். சாமியையே வரைகிறார்கள், எனக்கென்ன ஆகிவிடப்போகிறது என்றாளாம். காவடிக்குப் பால்குடம் எடுத்துவிட்டு வந்த கோலத்தில், மஞ்சள் புடவையும் நெற்றி வியர்வையுமாக அவளை வரைந்தார் மருதை. பார்த்துவிட்டு, என் மூக்கு இவ்வளவு பெரிசா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூக்கு அவ்வளவு பெரிசுதான்.

போர்ட் லூயிஸில் நடந்த ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார் க்ளெமான் என்கிற பிரெஞ்சுக்காரர். அவர் முயற்சியில் மருதைக்குப் பாரிஸில் ஒரு வருஷம் தங்கிப் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. பூங்காவனம் படத்தையும் இன்னும் நாலு படங்களையும் சுருட்டி எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். போகும்போது ஒன்பது வயசு மகள் காமாட்சி, அம்மா படத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

பாரிஸில் வாத்தியார் ஐந்து படங்களையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். மளிகைக் கடையில் மாட்டுகிற காலண்டர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். பாவம், அந்த மனுஷன் கெட்டவரில்லை. வெளிச்சம் எப்படி விழுகிறது, ஒரு நிறம் பக்கத்து நிறத்தை என்ன செய்கிறது என்றெல்லாம் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மருதைக்கு ரோஷம் தாங்கவில்லை. இத்தனை காலம் எதை அழகென்று நினைத்தாரோ அதைப் பார்க்கவே கூசியது. சிவப்பையும் மஞ்சளையும் மூடி வைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தைக் கையில் எடுத்தார்.

பழைய படத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு அதே துணியில் புதுசு வரைவது அங்கே எல்லாரும் செய்கிற காரியம். துணி விற்கிற விலை அப்படி. மருதையும் நாலு படங்களைச் சுரண்டினார். பூங்காவனத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். மாணவர் கண்காட்சி நெருங்கியது. பெரிய துணி வேறு கைவசமில்லை. ஊருக்குப் போனால் ஆள் இருக்கிறாள், உட்காரவைத்து இதைவிட நன்றாக வரைந்தால் போயிற்று என்று கணக்குப் போட்டார். என்ன புத்தியோ! ஒரு மத்தியானத்தில் அவளையும் சுரண்டித் தீர்த்துவிட்டு, அந்தத் துணியில் மழை பெய்து ஓய்ந்த பாரிஸ் தெரு ஒன்றை வரைந்தார். வாத்தியார் முதுகில் தட்டிக்கொடுத்தார். பத்திரிகையில் பெயர்கூட வந்தது.

திரும்பி வருகிற கப்பல் பாதி வழியில் இருந்தபோது பூங்காவனம் காய்ச்சலில் செத்துப்போனாள். துறைமுகத்தில் மைத்துனர் கோபாலன் நின்ற நிலையைப் பார்த்ததுமே மருதைக்கு விளங்கிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு விளக்கேற்றி வைக்க வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. காமாட்சி வாசலுக்கு ஓடிவந்தவள் அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை; அவர் தோளில் இருந்த சுருளைத்தான் பிடித்தாள். பிரித்தால் உள்ளே தெருவும் தண்ணீரும். அம்மா எங்கே என்று அந்தக் குழந்தை கேட்டது. மருதை, "இதுக்கு அடியிலதான் அம்மா இருக்கா. மேலேதான் வண்ணம் பூசியிருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அந்தப் பாரிஸ் தெரு சாமியறைக்குப் போய்விட்டது. முருகனுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் பூச்சரம் போட்டாள் காமாட்சி. வருஷத் திதிக்கு அதன் முன்னால்தான் இலை போட்டுப் படைத்தார்கள். பூசாரி முதல் தடவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் பழகிவிட்டது. மோகா ஊரிலிருந்து காரில் வந்த ஒரு துரை என்ன விலையானாலும் தருகிறேன் என்றார். மருதை தலையை ஆட்டி மறுத்து அனுப்பினார்.

பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று அவர் படாத பாடு பட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பூங்காவனத்தை மனசில் நிறுத்தி வரைவார். கை கேட்காது. மஞ்சளை எடுத்தால் தானாகவே அதில் கறுப்பைக் கலக்கும். வியர்வை வரவேண்டிய இடத்தில் நிழல் வரும். அந்த மூக்கு, ஊரறிந்த மூக்கு, ஒரு தடவைகூட அமையவில்லை. வந்து உட்கார்ந்ததெல்லாம் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரி. காலண்டர் பார்த்து வரைந்த அந்தப் பழைய கையைத் திருப்பிக் கொடுத்தால் பாரிஸில் கற்றது மொத்தத்தையும் விட்டுவிடுவேன் என்று கோபாலனிடம் ஒருநாள் அழுதார். யார் திருப்பிக் கொடுப்பது?

அறுபத்தெட்டில் தீவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முந்தின மாசம் பெரிய கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. பழைய படங்களைச் சுத்தம் செய்து கொடுக்க பியெரெட் என்கிற பெண் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். மேலே இருக்கிற வண்ணத்தைக் கரைத்து அடியில் இருக்கிற படத்தை வெளியே எடுக்க முடியும் என்று அவள் யாரிடமோ சொல்ல, அது காமாட்சி காதுக்கு எட்டியது. கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போயிருந்தவள், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவுக்கு வைத்துப் படைக்க ஒரு மஞ்சள் புடவையும் வாங்கி வந்திருந்தாள். படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். பியெரெட் பஞ்சை நனைத்தாள்.

மருதை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் பேச்செல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். அதிலேயே, பியெரெட்டுக்கும் விளங்கும்படி சொன்னார். "அடியில ஒண்ணுமில்லை. பூசுறதுக்கு முன்னாடியே சுரண்டிட்டேன்."

காமாட்சி அழவில்லை. படத்திலிருந்த தெருவை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "சுரண்டினதை என்ன பண்ணீங்க?"

"பழைய பேப்பர்ல துடைச்சேன். குளிருக்கு அடுப்பு எரிஞ்சிட்டிருந்துச்சு. அதுல போட்டேன்."

பியெரெட் தன் பெட்டியை மூடினாள். காமாட்சி புடவையைக் காகிதத்தில் திரும்பச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். வாசல்வரை போனவள் நின்று, அவரைத் திரும்பிப் பார்க்காமலே, "பதினஞ்சு வருஷமா யாருக்குப்பா நான் பூ வச்சேன்?" என்றாள். அந்த வருஷத் திதியைக் காமாட்சி தன் வீட்டிலேயே, படம் எதுவும் வைக்காமல், வெறும் விளக்குக்கு முன்னால் இலை போட்டு முடித்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை.